வாங்குபவர் பக்கத்து நாற்காலிகள்

வாங்குபவர் பக்கத்துக்கு மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு தம்பி. அவனும் வாடகைத் தம்பி.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு வாங்கப் பணம் மட்டும் போதாது, ஆள் வேண்டும். விற்பவர் தன் ஆட்களோடு ஒரு பக்கம் உட்காருவார். வாங்குபவர் தன் ஆட்களோடு எதிரே. நடுவில் ஒரு மேசை, கிராமத்துச் சேர்மன், அவருடைய முத்திரை, மை டப்பா. பக்கத்து நிலத்துக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். எல்லாரும் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து, கையெழுத்துப் போட்டு, எதையாவது தின்று சோடா குடித்தால்தான் வீடு கைமாறியதாக அர்த்தம். நாளைக்கு நீ இல்லாமல் போனால் இது இன்னாருடையது என்று சொல்ல உன் இரத்தத்தில் ஒருவர் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான வழக்கம்தான். எனக்குத்தான் அது நியாயமாக அமையவில்லை.

என் பெயர் பெர்பெட்டுவா. கம்பாலாவில், கவெம்பே பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். மாணவர் விடுதி ஒன்றில் துணி துவைத்து இஸ்திரி போடுகிற வேலை. என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே சுவர் என்று ஒன்று இருந்தது, பேருக்கு. அந்த ஆள் இருமினால் நான் விழித்துக்கொள்வேன். அவனுடைய ரேடியோவில் வாசிக்கிற மரண அறிவிப்புகளை எல்லாம் நானும் கேட்டாக வேண்டும். செத்தவர் பெயரைச் சொல்லிவிட்டு, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மூச்சு விடாமல் வாசிப்பார்கள். என் பெயரை வாசிக்கிற அன்று அவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தேன். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதற்குத் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. அங்கிருந்து மாதா மாதம் அண்ணன் லாவுலென்சியோவுக்குப் பணம் அனுப்பினேன், அப்பாவின் நிலத்தில் எனக்கு ஒரு வீடு கட்டச் சொல்லி. அவனும் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தான். அஸ்திவாரம் வந்தது, சுவர் வந்தது, நீலத் தகரக் கூரை வந்தது. கடைசியில் ஜன்னலுக்குக் கம்பிகூட வந்தது. ஒவ்வொரு போட்டோவையும் அந்த வீட்டு அம்மாவிடம் காட்டுவேன். அவள் ஒருநாள், "உன் வீட்டு வராந்தா எங்க வராந்தாவைவிட நல்லா இருக்கே" என்று சொன்னபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

திரும்பி வந்தேன். நீலத் தகரக் கூரை வீடு இருந்தது. எங்கள் ஊரில் இல்லை, மூன்று ஊர் தள்ளி. கதவைத் தட்டினால் முன்பின் தெரியாத ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து, "யாரு வேணும்?" என்றாள். அது அவள் வீடு. என் அண்ணன் தெருவில் நின்று அதைப் போட்டோ எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நான் கல்யாணம் பண்ணவில்லை. கட்டினேன், பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அப்பா வீட்டுக்குப் போனேன். அண்ணி எனக்குத் தட்டில் வாழைக்காய் மசியல் வைத்தாள். அண்ணன் குனிந்தே சாப்பிட்டான். பிறகு சின்னம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "கூடப் பொறந்தவனை ஊர் முன்னாடி அசிங்கப்படுத்தாதடி, பணம் வரும் போகும்" என்றாள். போனது என் பணம், வரவேண்டியது மட்டும் யாருடையதோ. அன்று கிளம்பியவள்தான், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கையில் மிச்சம் இருந்ததோடு இன்னும் சேர்த்தேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு பார்த்தேன். சதுப்பு நிலத்தில் ஒரு வீடு, அதில் தவளைகள் ஏற்கெனவே குடியிருந்தன. இன்னொரு வீட்டுக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் விற்கப் பார்த்தான், அவள் மண்வெட்டியோடு வெளியே வந்தாள். இன்னொன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போன அன்று, வாசலில் என்னைப் போலவே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் மூவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரே வேனில் ஏறித் திரும்பி வந்தோம்.

அப்புறம்தான் மதுக்கா சாலையில், மேட்டின் மேல், எரியேசா பெரியவரின் வீடு வந்தது. செங்கல் சுவர், இரண்டு அறை, பின்னால் நாலு வாழை, ஒரு பலா. பெரியவருக்கு மனைவி இறந்துவிட்டாள். முழங்கால் வேறு மேடேற மறுக்கிறது. மகளோடு போய் இருக்கப் போகிறார். அவர் கூரையைக் காட்டினார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். நான் கதவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மொத்தத்தில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள், உள்ளே. போட்டுப் பார்த்தேன். எடுத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன்.

"கதவை வாங்கப் போறியா, வீட்டை வாங்கப் போறியா?" என்று பெரியவர் வெளியே இருந்து கேட்டார். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இதை விடக் கூடாது என்று.

விலை படிந்தது. ஆனால் சேர்மன் வாஸ்வா ஒரு கண்டிப்பான ஆள்.

"உங்க பக்கம் மூணு பேர் வரணும்மா. அதுல ஒருத்தராவது கூடப் பொறந்தவங்களா இருக்கணும். போன வருஷம் உங்களை மாதிரியே ஒரு அம்மா தனியா வந்தாங்க. நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. கையெழுத்துப் போட்டு மூணே மாசத்துல அந்தா அந்த மதில் வந்து நிக்குது." கையை நீட்டிக் காட்டினார். கீழே சரிவில் பாதியை ஒரு மதில் வளைத்திருந்தது, மேலே கண்ணாடிச் சில். எவனோ ஒரு பணக்காரன் ஆள் வைத்து வாங்கிக்கொண்டே மேலேறி வருகிறானாம். "இனிமே ஆள் இல்லாம வர்றவங்களுக்கு முத்திரை இல்லை. ஊரே சேர்ந்து முடிவு பண்ணியாச்சு."

"வருவாங்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது. லாவுலென்சியோவைக் கூப்பிட்டால், இப்படி ஒரு வீடு இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவன் வருவான், அண்ணி வருவாள், அவர்கள் பையன் படிக்க வந்து தங்குவான். ஒருநாள் நான் என் வீட்டிலேயே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருப்பேன். சூடு கண்ட பூனை நான். செத்தாலும் அவனிடம் சொல்வதில்லை என்று இருந்தேன்.

கொன்சாகா எங்கள் தெருமுனை வாடகை பைக் ஸ்டாண்டில் சவாரி ஓட்டுகிறவன். விடியற்காலையில் என்னை விடுதியில் கொண்டுபோய் விடுவான். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாது.

"கொன்சாகா, உனக்கு அக்கா இருக்காங்களா?"

"நாலு பேர். அஞ்சாவது வேணாம்னு எங்கம்மாவே நிறுத்திட்டாங்க."

"ஒரே ஒரு சனிக்கிழமை அஞ்சாவதா நான் இருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பொய்யாச்சே அக்கா."

"டேங்க் ரொப்பித் தர்றேன்."

"சாப்பாடு?"

"உண்டு."

"என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ, விட்டுற முடியுமா" என்றான்.

அந்தச் சனிக்கிழமை மேடேறும் வழி முழுக்கப் பாடம் நடந்தது. அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கு அப்பா பெயர், நாங்கள் மம்பா மீன் குலம், அதில் எந்தக் கிளை என்பது வரை. பைக்கை ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிக் கேட்டான்.

"நம்ம அப்பா குடிப்பாரா?"

"தொடவே மாட்டார்."

"நல்லவேளை கேட்டேன். எங்கப்பா நிறுத்தவே மாட்டார். ரெண்டு பேரையும் கலந்துடக் கூடாது பாருங்க."

எங்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பிராணியோ செடியோ உண்டு. அப்பா வழியாக வருவது அது. ஒரு அப்பாவின் பிள்ளைகளுக்கு ஒரே குலம். தன் குலத்துப் பிராணியை யாரும் தின்ன மாட்டார்கள். அது மனப்பாடம் பண்ணி வருவதில்லை, பால் குடி மறக்கும்போதே கைக்குப் பழகிவிடும். கொன்சாகாவுக்கு நான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவன் நிஜத்தில் எந்தக் குலம் என்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன்.

எரியேசா பெரியவர் பக்கம் நாற்காலி போதாமல் பாய் விரித்திருந்தார்கள். மகள், மருமகன், கோட்டுப் போட்ட ஒரு மகன், தம்பி மக்கள், தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர்கள். கீழ் வீட்டு நாலோங்கோதான் நாற்காலிகளைக் கொடுத்திருந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள், அதனால் ஊரே அவளை அந்தப் பட்டப் பெயரால்தான் கூப்பிடுகிறது. எங்கள் பக்கத்து மூன்று நாற்காலிகளில் ஒன்றில் கொன்சாகா உட்கார்ந்தான். பெண்களுக்குப் பாய்தான் வழக்கம், நான் அவன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். மற்ற இரண்டும் வெயிலில் காய்ந்தன.

"மத்தவங்க?" என்றார் சேர்மன்.

"வந்துட்டே இருக்காங்க" என்றான் கொன்சாகா. "ரோட்டுல நெரிசல்." ரோட்டு நெரிசலைக் கம்பாலாவில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பெரியவர் ஆற அமர விசாரித்தார். எந்தக் குலம், எந்தக் கிளை, யார் மகன், யார் பேரன். கொன்சாகா தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தான். கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். "எங்கப்பா ஒரு சொட்டு தொட மாட்டாருங்க" என்றான். பெரியவருக்கு முகம் மலர்ந்தது. எல்லையைச் சுற்றி நடந்தோம். பெரியவர் ஒவ்வொரு எல்லைச் செடியாகத் தொட்டு, "இங்கேருந்து இது வரைக்கும்" என்று கொன்சாகாவுக்குத்தான் காட்டினார். நான் பின்னால் நடந்தேன். என் வீட்டின் எல்லையை யாரோ யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, இன்னும் அரை மணி நேரம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் சேர்மன் பத்திரத்தை எழுத ஆரம்பித்தார். அதற்குள் நாலோங்கோ ஒரு பெரிய தட்டோடு வந்தாள். நவம்பர் மழை, வெட்டுக்கிளிப் பருவம். இறக்கையும் காலும் கிள்ளி, வெங்காயம் போட்டுப் பொன்னிறமாக வறுத்திருந்தாள். "சூடு ஆறிட்டா ருசி போயிடும், எழுதறவர் எழுதட்டும்" என்று தட்டைச் சுற்றுக்கு விட்டாள்.

நான் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டேன். காலையிலிருந்து பட்டினி. தட்டு கொன்சாகாவிடம் போனது. அவன் பக்கத்து ஆளிடம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே, தட்டைப் பார்க்கக்கூட இல்லை, விரல் படாமல் புறங்கையால் தள்ளி அந்தப் பக்கம் நகர்த்தினான்.

"ஏன் தம்பி, வயிறு சரியில்லையா?" என்றார் பெரியவர்.

"இல்லைங்க ஐயா, எங்களுக்கு வெட்டுக்கிளி ஆகாது. குலம்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. என் வாய் நிறைய வெட்டுக்கிளி. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அக்காவுக்கு நல்லாவே ஆகுதே" என்றார் பெரியவர்.

"அது வந்து, அம்மா ஒண்ணு, அப்பா வேற" என்றான் கொன்சாகா.

"ஒரு சொட்டு தொடாத அப்பா யாரு அப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. கோட்டுப் போட்ட மகன் எழுந்து நின்றான். சேர்மன் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்து, மை டப்பாவை மூடினார். அந்த மூடி மூடிய சத்தத்தில் என் வீடு போய்விட்டது என்று நினைத்தேன்.

"யார் காசும்மா இது?" என்றார் சேர்மன். "மதில்காரன் காசா?"

"என் காசு."

"அப்ப எதுக்கு வாடகைக்கு ஆள்?"

வாயில் இருந்ததை முழுங்கினேன். சொன்னேன். மஸ்கட், நீலக் கூரை, அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு யார் வேணும் என்று கேட்டது, எல்லாம். நாலு பேர் முன்னால் சொல்ல நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்லும்போது அழுகை வரும் என்று பயந்தேன், வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. முடித்தபோது நாலோங்கோ தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஆனால் கோட்டுக்காரன், "போன வருஷம் வந்தவளும் ஒரு கதை சொன்னா. அதுல அழுகைகூட இருந்துச்சு" என்றான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அரை மணி நேரமாக என் பக்கத்திலிருந்து பொய்யைத் தவிர அவன் எதைக் கேட்டான்?

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணன்னு ஒருத்தன் நெசமாவே இருக்கானா?"

"இருக்கான்."

"போன் பண்ணு. அவன் வாயால நீ தங்கச்சின்னு சொல்லட்டும். எனக்கு அது போதும்."

இதற்குத்தான் நான் வாடகைக்குத் தம்பி பிடித்தேன். எவனுக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை பாடோ, அவனையே கூப்பிடச் சொல்கிறார். மாட்டேன் என்றால் வீடு இல்லை. சரி என்றால் வீடு உண்டு, ஆனால் அதற்கு லாவுலென்சியோவும் உண்டு. கதவைப் பார்த்தேன். திறந்து கிடந்தது. உள்ளே அந்தத் தாழ்ப்பாள் தெரிந்தது.

"என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டான்" என்றேன்.

சேர்மன் தன் போனில் நம்பரை அழுத்தி, எல்லாரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"ஹலோ." எடுத்த எடுப்பிலேயே அந்தச் சீழ்க்கை. சின்ன வயதில் நான் எறிந்த மாங்கொட்டை பட்டு அண்ணனுக்கு முன்பல் பாதி உடைந்தது. அதிலிருந்து சில எழுத்துக்களில் காற்று சீறும். எத்தனை வருடம் ஆகியும் அந்தச் சீழ்க்கையைக் கேட்டதும், கடவுளே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"லாவுலென்சியோவா?"

"ஆமா, லாவுலென்சியோதான் பேசறேன். நீங்க யாரு?"

"நான் ஒரு கிராமத்துச் சேர்மன் பேசறேன். உங்க தங்கச்சி பெர்பெட்டுவா இங்க என் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க."

போனில் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. எங்கள் அப்பா வீட்டுச் சேவலாக இருக்கும். பிறகு அதே வாய், தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு பேசியது.

"லாவுலென்சியோ வெளிய போயிருக்காருங்க. போனை இங்க வெச்சுட்டுப் போயிட்டாரு. நான் பக்கத்து வீட்டுக்காரன்."

சீழ்க்கை மட்டும் மாறவில்லை. கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நான் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தைத் தின்றபோதுகூட அவன் என் அண்ணன் இல்லை என்று சொன்னதில்லை.

சேர்மனுக்கு அனுபவம் உண்டு. "வழக்கு கிழக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார் மெதுவாக. "அந்த அம்மா இங்க ஒரு வீடு வாங்கறாங்க. சாட்சிக்கு அண்ணன் வேணும், அவ்வளவுதான். அவர் வந்தா சொல்றீங்களா?"

"வீடா?" பக்கத்து வீட்டுக்காரனின் தொண்டை சட்டென்று மெலிந்தது. "சொந்த வீடா? எந்த ஊர்லங்க?"

சேர்மன் வாயைத் திறந்தார். அதற்குள் எரியேசா பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, போனை எடுத்து, விரலால் தடவித் தடவி அணைத்தார்.

"சொல்லாதே" என்றார்.

நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "அண்ணன் இருக்கான்" என்றார் பிறகு. "நல்லாவே நிரூபிச்சுட்டான். எழுதுப்பா."

சேர்மன் மை டப்பாவைத் திறந்தார். வாங்குபவர் பக்கத்துச் சாட்சி என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. நாலோங்கோ, "நான் போடட்டுமா?" என்றாள். "நீ பக்கத்து வீட்டுக்காரி, உனக்கு வேற இடம் இருக்கு. ரெண்டு இடத்துல போடக் கூடாது" என்றார் சேர்மன். கொன்சாகா கையைத் தூக்கினான். அவன் தன் சொந்தப் பெயரைச் சொன்னான், தன் அப்பா பெயரைச் சொன்னான், வெட்டுக்கிளிக் குலம் என்று சொன்னான்.

"வாங்கறவருக்கு என்ன உறவு?"

கொன்சாகா என்னைப் பார்த்தான். "தினமும் வேலைக்குக் கூட்டிட்டுப் போறவன்."

வண்டிக்காரர் என்று சேர்மன் எழுதிக்கொண்டார். மற்ற இரண்டு வரிகளில் கோடு இழுத்தார்.

"இப்ப எழுந்திரு" என்றார் பெரியவர் என்னிடம். "எல்லையை மறுபடி நடக்கணும். அப்ப தப்பான ஆளுக்குக் காட்டிட்டேன்." முழங்கால் வலியோடு அவர் ஒவ்வொரு செடியையும் மறுபடி தொட்டுக் காட்டினார். பலாமரத்துக்கு வந்ததும், "இதுல முதல் காய் பறிச்சா நாலோங்கோவுக்கு ஒரு துண்டு குடு, என் பெண்டாட்டி குடுப்பா" என்றார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. அவரும் தனியாகத்தான் போகிறார், மகள் வீடு என்றாலும்.

மூன்று மணிக்கெல்லாம் கட்டில், பெட்டி, பெரியவர் எல்லாவற்றையும் ஒரு பிக்கப் ஏற்றிக்கொண்டு போனது. கொன்சாகா கொஞ்ச நேரம் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"இருக்கட்டுமா அக்கா?"

"சவாரி போகும் நேரம், போ."

"திங்கட்கிழமை காலையில வரேன். இங்கேருந்துன்னா சீக்கிரம் கிளம்பணும். காசும் கூட ஆகும்."

"கூடப் பொறந்தவனுக்கேவா?"

"கூடப் பொறந்தவன் போன்ல இருக்கான்" என்றான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் சிரித்தேன், அவனுக்காக.

நாலோங்கோ நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கித் தலைமேல் தூக்கிக்கொண்டாள். வீட்டில் உட்கார ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு நின்றாள். "எத்தனை விட்டுட்டுப் போகட்டும்?"

"ஒண்ணு போதும்."

"நாளைக்குக் கோயில்ல கூட்டம் இருக்கு, இதை எடுத்துக்கக் காலையில பையனை அனுப்பறேன்" என்று சொல்லி ஒன்றை இறக்கி வைத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனாள்.

கூட்டினேன். தண்ணீர் எடுத்து வைத்தேன். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனேன், திரும்பி வந்தேன். இருமிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் படுக்கவில்லை. இதற்காகத்தானே ஏங்கினாய், அனுபவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன். எதிரே இன்னொரு நாற்காலி இருந்திருக்கலாம்.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் என் போன் அடித்தது. அண்ணன் நம்பர். அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்து வருடங்கள் ஆயிற்று. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"பெர்பெ" என்றான். சின்ன வயதில் அவன் ஒருவன்தான் அப்படிக் கூப்பிடுவான். அம்மாகூட முழுப் பெயரைத்தான் சொல்வாள். "பெர்பெ, நீ கூப்பிட்டதா பக்கத்து வீட்டுக்காரர் இப்பத்தான் சொன்னாரு. நான் சந்தைக்குப் போயிருந்தேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வீடு வாங்கறியாமே. ரொம்ப சந்தோஷம்டி. கேட்டதும் உன் அண்ணிக்கு அழுகையே வந்துடுச்சு. எந்தப் பக்கம்? நான் வந்து பார்க்க வேணாமா? ஒத்தையா எப்படி இருப்பே, ஒரு ஆள் வேணாமா?"

அந்தச் சீழ்க்கை காதுக்குள் சீறியது. அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தது. ஆள் வேண்டும் என்று சொன்னதில் மட்டும் பொய் இல்லை. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே இந்த வீட்டில் சத்தம் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், சண்டை இருக்கும், சாயங்காலம் யாராவது விளக்கைப் போடுவார்கள். என் பெயரை ரேடியோவில் வாசிக்கிற அன்று பின்னால் வாசிக்கவும் நாலு பெயர் இருக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

தொண்டையைக் கனமாக்கிக்கொண்டேன்.

"பெர்பெட்டுவா இங்க இல்லைங்க" என்றேன். "போனை வெச்சுட்டுப் போயிருக்காங்க. நான் பக்கத்து வீட்டுக்காரி."

அந்தப் பக்கம் அதே சேவல். நான் யார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? என் குரலை அவன் எனக்கு முன்னால் கேட்டவன். அவன் மூச்சு உடைந்த பல் வழியாகச் சீறியது.

"சரிங்க" என்றான் கடைசியில். அண்ணன் குரல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் குரலும் இல்லை. "அவ வந்தா, அண்ணன் கூப்பிட்டான்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

போனை ஜன்னல் மேடையில் வைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.